வீட்டுக்குள் வந்த திரைப்படம்: பழைய கிறிஸ்துமஸ் படங்களின் நீடித்த ஈர்ப்பு



மொழி வளர்ச்சிக்கென அமைந்த மேடையில் அமெரிக்கத் திரைப்படங்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு படைப்பு எவ்வாறு செவ்வியல் தகுதியை அடைகிறது என்னும் வினா, இலக்கியம் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய வினா. பழைய நூல்களைப் பொறுத்தவரையில் அதற்கு விடை காண்பது கடினம். அவை மக்கள் மனத்தில் இடம்பிடித்த வரலாறு நமக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆயின், கிறிஸ்துமஸ் காலத்தில் ஆண்டுதோறும் பார்க்கப்படும் சில பழைய படங்களின் வரலாறு நம் கண்முன் நிகழ்ந்தது. அவை திரையரங்கிலிருந்து தொலைக்காட்சிக்கும், தொலைக்காட்சியிலிருந்து வீட்டு ஒளிநாடாவுக்கும் வந்த வழியை ஆண்டு வாரியாகச் சொல்ல முடியும். அதனாலேயே இப்பொருளைத் தேர்ந்தேன்.

பல படங்களை மேலோட்டமாகச் சொல்வதைவிட ஒரு படத்தை நிலைக்களனாகக் கொண்டு, தேவையான இடங்களில் மட்டும் பிற படங்களைத் தொட்டுச் செல்ல விரும்புகிறேன். அப்படம், ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'.

திரையரங்கில் தோற்ற படம்

பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் ஒரு சிறுகதை எழுதினார். அதை வெளியிட எவரும் முன்வரவில்லை. 1943ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் அக்கதையைத் தம் செலவிலேயே 200 படிகள் அச்சிட்டு, வாழ்த்து அட்டைக்கு மாற்றாக நண்பர்களுக்கும் உறவினர்க்கும் அனுப்பினார். அச்சிறு நூல் ஹாலிவுட்டை எட்டியது. காப்ராவின் கைக்கு வந்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் டோனா ரீடும் நடிக்க, 1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் திரைப்படமாக வெளிவந்தது.

கதையை அறியாத மாணவர்க்காகச் சுருங்கச் சொல்கிறேன். ஜார்ஜ் பெய்லி சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். உலகைச் சுற்ற வேண்டும், பெரிய பாலங்களையும் கட்டடங்களையும் எழுப்ப வேண்டும் என்பன அவன் கனவுகள். தந்தை இறந்ததும், எளிய மக்களுக்கு வீட்டுக்கடன் வழங்கும் சிறு நிறுவனத்தை நடத்தும் பொறுப்பு அவன் தோளில் விழுகிறது. ஊரை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு கடமை அவனைத் தடுத்து நிறுத்துகிறது. ஒரு கிறிஸ்துமஸ் முன்னாளில் நிறுவனத்தின் 8,000 டாலர் காணாமல் போகிறது. சிறைக்கு அஞ்சி, ஆற்றுப் பாலத்தின்மேல் உயிரை விடத் துணிந்து நிற்கிறான். அப்போது கிளாரன்ஸ் என்னும் வானதூதர், அவன் பிறவாதிருந்தால் அவ்வூர் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைக் காட்டுகிறார். அதைக் கண்டு வாழ்வை மீண்டும் வேண்டுகிறான். வீடு திரும்புகையில் ஊரே திரண்டு வந்து அவன் கடனைத் தீர்க்கிறது.

இன்று உலகறிந்த இப்படம் அன்று வெற்றி பெறவில்லை. 3 மில்லியன் டாலருக்கு மேற்பட்ட செலவை அதன் வசூல் ஈடுசெய்யவில்லை. காப்ரா தம் கூட்டாளிகளுடன் தொடங்கிய லிபர்ட்டி ஃபிலிம்ஸ் நிறுவனமும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஐந்து பிரிவுகளில் ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டும் ஒன்றிலும் வெல்லவில்லை. தொழில்நுட்பத்திற்கான சிறப்பு விருது ஒன்று மட்டும், செயற்கைப் பனியை உருவாக்கிய முறைக்காகக் கிடைத்தது. அக்காலப் படங்களில் வெள்ளைச் சாயம் பூசிய சோளச் சீவல்களைப் பனியாகத் தூவுவது வழக்கம். அவற்றின்மேல் நடந்தால் நொறுங்கும் ஓசை உரையாடலைக் கெடுத்துவிடும். காப்ராவின் குழுவினர் தீயணைப்பு நுரையையும் சோப்பையும் நீரையும் கலந்து ஓசையற்ற பனியைப் பொழியச் செய்தனர். படப்பிடிப்பு நடந்ததோ கடுங்கோடையில்.

அன்று 'கிறிஸ்துமஸ் படம்' என்னும் வகைமைகூட இன்றுபோல் உறுதிப்பட்டிருக்கவில்லை. 1947இல் வந்த 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்', கிறிஸ்துமஸ் தாத்தாவாகவே தம்மைக் கூறிக்கொள்ளும் முதியவரின் கதை. அதைத் தயாரித்த நிறுவனம், கோடையில்தான் மக்கள் திரையரங்குக்கு மிகுதியாக வருவர் என்று கருதி, கிறிஸ்துமஸைப் பற்றி விளம்பரத்தில் வாய் திறவாமலேயே அப்படத்தை வெளியிட்டது. பண்டிகையோடு இப்படங்களைப் பிணைத்தது வெளியீட்டு நாள் அன்று. பிற்காலத்தில் வீடுகளில் ஏற்பட்ட பழக்கமே.

பூட்டப்படாத கதவு

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஒரு படைப்பின் பதிப்புரிமை 28 ஆண்டுகள் நீடிக்கும். அதன்பின் முறைப்படி புதுப்பித்தாக வேண்டும். காப்ராவின் படம் பல கைகள் மாறிய நிலையில், 1974இல் அதைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பிக்கத் தவறினர். அதன் விளைவாகத் தொலைக்காட்சி நிலையங்கள் உரிமைக் கட்டணம் செலுத்தாமலேயே படத்தை ஒளிபரப்பலாயின. டிசம்பர் மாதத்தில் நேரத்தை நிரப்பச் செலவில்லாத ஒரு படம் கிடைத்தது. ஒரே வாரத்தில் வெவ்வேறு நிலையங்கள் அதனைத் திரும்பத் திரும்பக் காட்டின. திரையரங்குக்குச் சென்று பார்க்காத மக்கள், வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்த்தனர்.

இதே காலத்தில்தான் வீட்டு ஒளிநாடா பிறந்தது. சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் 1975இலும், ஜேவிசி நிறுவனத்தின் வி.எச்.எஸ். 1976இலும் சந்தைக்கு வந்தன. ஒளிபரப்பை வீட்டில் பதிவு செய்வது திருட்டாகும் என்று யூனிவர்சல், டிஸ்னி ஆகிய நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. தனக்கு வசதியான நேரத்தில் பார்ப்பதற்காக ஒருவர் பதிவு செய்துகொள்வது குற்றமாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் வீட்டு நூலகத்தில் திரைப்படத்துக்கும் இடம் கிடைத்தது என்று கூறலாம்.

காப்ராவின் படத்தைப் பல சிறு நிறுவனங்கள் மலிவு விலையில் நாடாவாக வெளியிட்டன. சில பிரதிகள் மங்கலானவை. சிலவற்றில் ஒலி தெளிவற்றது. எனினும் மக்கள் வாங்கினர். 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதனைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. படத்தின் மூலக்கதைக்கும் இசைக்கும் உரிமை காலாவதியாகவில்லை என்பதைச் சுட்டி, 1993இல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனம் கட்டுப்பாட்டை மீண்டும் நிலைநாட்டியது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை அப்படத்தைத் தன் குடும்பச் சொத்தாக ஆக்கிக்கொண்டிருந்தது.

இங்கு நம் மொழியின் வரலாற்றிலிருந்து ஒன்றை நினைவுகூர்தல் தகும். பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்று, பின்னர் மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கியது. அங்கே கதவு தவறுதலாகத் திறந்துகிடந்தது. இங்கே மனமறிந்து திறக்கப்பட்டது. இரண்டிலும் பயன் ஒன்றே. மலிவாகவும் எளிதாகவும் கைக்கு எட்டும் படைப்பே வீட்டுக்குள் நுழைகிறது. நல்ல படைப்பு என்பது மட்டும் போதாது. அது கைக்கு எட்டவும் வேண்டும்.

கையில் வந்த படம்

திரையரங்கில் படம் ஓடும், நாம் அமர்ந்திருப்போம். ஒளிநாடா இவ்வுறவை மாற்றியது. நிறுத்தலாம், பின்னோக்கிச் சுற்றலாம், விரும்பிய காட்சியை மீண்டும் காணலாம். நூலைப் படிப்பவர்க்கு என்றும் இருந்துவந்த உரிமை, படம் பார்ப்பவர்க்கு அப்போதுதான் கிடைத்தது.

இம்மாற்றத்தை ஒரு கிறிஸ்துமஸ் படமே தன் கதைக்குள் காட்டுகிறது. 1990இல் வெளிவந்த 'ஹோம் அலோன்' படத்தில், குடும்பத்தார் மறந்து விட்டுச்சென்ற எட்டு வயதுச் சிறுவன் கெவின், பழைய துப்பாக்கிச் சண்டைப் படம் ஒன்றை ஒளிநாடாவில் பார்க்கிறான். பிறகு பீட்சா கொண்டுவரும் இளைஞனிடம் அந்நாடாவை ஓட்டியும் நிறுத்தியும், அதன் வசனங்களையே தன் பேச்சாக்கி அவனை மிரட்டி விரட்டுகிறான். அந்தப் 'பழைய படம்' உண்மையில் இதற்கென்றே புதிதாக எடுக்கப்பட்ட போலிக் காட்சி என்பது சுவையான செய்தி. எங்கே என்ன வசனம் வரும் என்பதை மனப்பாடமாக அறிந்தவனால்தான் இது முடியும். அதே படத்தில் பாரிஸில் தங்கியிருக்கும் அவன் குடும்பத்தார், தொலைக்காட்சியில் பிரெஞ்சு மொழியில் பேசும் ஜார்ஜ் பெய்லியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். ஒரு கிறிஸ்துமஸ் படத்துக்குள் இன்னொரு கிறிஸ்துமஸ் படம் வரும்போது விளக்கமே தேவைப்படவில்லை. பார்வையாளர் அனைவரும் அதனை அறிந்திருந்தனர்.

1983இல் வந்த 'எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி'யும் தொலைக்காட்சியாலும் ஒளிநாடாவாலும் உயர்வு பெற்ற படமே. 1997 முதல் அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சி அதனைக் கிறிஸ்துமஸ் நாளையொட்டி 24 மணிநேரம் தொடர்ந்து ஒளிபரப்பத் தொடங்கியது. ஒரே படத்தை நாள் முழுதும் காட்டினால் யார் பார்ப்பார் என்று கேட்கலாம். எவரும் முழுதாகப் பார்க்க வேண்டியதில்லை. சமையலுக்கும் விருந்துக்கும் இடையே வந்து ஒரு காட்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் செல்கின்றனர். பாரதக் கூத்தில் பதினெட்டாம் நாள் என்ன நிகழும் என்பதை அறிந்தே விடிய விடிய அமர்ந்திருந்த நம் முன்னோர்க்கு இது புதிதன்று. முடிவு தெரிந்த கதையில்தான் மனம் அவசரமின்றி உலவும்.

படம் மாறவில்லை; பார்ப்பவர் மாறுகிறார்

மீண்டும் மீண்டும் பார்ப்பதால் கிடைப்பது என்ன? வெறும் பழைய நினைவின் இனிமை என்று பலர் சொல்வர். அது ஓரளவு உண்மை. ஆனால் அதைவிட ஆழமான பயன் ஒன்று உண்டு.

ஜார்ஜின் இளைய மகள் சூசூ, பள்ளியில் பெற்ற மலரோடு வீடு திரும்புகிறாள். மலரிலிருந்து இதழ்கள் உதிர்கின்றன. அவற்றை ஒட்டித் தருமாறு தந்தையிடம் நீட்டுகிறாள். ஒட்டியதுபோல் நடித்துவிட்டு, இதழ்களைத் தன் பைக்குள் மறைத்துக்கொள்கிறான். முதன்முறை பார்ப்பவர்க்கு இது ஒரு சிறு குறும்பு. தான் பிறவாத உலகில் அவன் பையைத் துழாவுகிறான், இதழ்கள் இல்லை. பாலத்துக்குத் திரும்பி மீண்டும் துழாவுகிறான், இதழ்கள் இருக்கின்றன. தான் உயிரோடிருப்பதற்கு அவனுக்குக் கிடைக்கும் சான்று அதுவே. மறுமுறை பார்ப்பவர், முதற்காட்சியிலேயே அவ்விதழ்களின் எடையை உணர்கிறார். அக்காட்சியின் முழுப்பொருள் இரண்டாம் பார்வைக்கு மட்டுமே உரியது.

வயதும் பொருளை மாற்றுகிறது. சிறுவர்க்கு இது வானதூதரின் கதை. மணி ஒலிக்கும்போது மகிழ்கின்றனர். ஊரைவிட்டுச் செல்லத் துடிக்கும் இளையர்க்கு, பெரிய பெட்டி வாங்கியும் பயணம் போகாத ஒருவனின் துயரக்கதை. குடும்பம் நடத்துவோர் இன்னொன்றைக் காண்கின்றனர்: தேனிலவுக்கென வைத்திருந்த 2,000 டாலரை, அச்சத்தோடு வந்து நிற்கும் வாடிக்கையாளர்க்குப் பங்கிட்டுக் கொடுக்கும் இணையரை. முதியோர் கடைசிக் காட்சியில் கூடும் முகங்களையே பார்க்கின்றனர்.

ஆசிரியர்களாகிய உங்களுக்கென்றே ஒரு காட்சி உண்டு. பணம் காணாமற்போன கலக்கத்தில் வீடு வரும் ஜார்ஜ், மகளுக்கு உடல்நலம் குன்றியதற்கு ஆசிரியையைக் காரணமாக்கி, தொலைபேசியில் அவரைக் கடிந்து பேசுகிறான். அந்த அம்மையார் செய்த தவறு ஒன்றுமில்லை. மாணவராக இருந்தபோது கண்ணில் படாத இக்காட்சி, வகுப்பறையில் சில ஆண்டுகள் பணியாற்றியபின் பார்த்தால் நெஞ்சில் தைக்கும். கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தை ஆண்டுதோறும் கோடிட்டு வைப்பதுபோல, மாறாத ஒரு படம் நம் வளர்ச்சியை நமக்குக் காட்டுகிறது. ஆண்டுக்கொரு புதிய படம் பார்ப்பவர்க்கு இந்த அளவுகோல் கிடைப்பதில்லை.

பழகியதால் தெரியும் குறைகள்

பன்முறை பார்ப்பது கண்மூடிய வழிபாடாகிவிடுமோ என்னும் ஐயம் நியாயமானது. நடப்பது பெரும்பாலும் மறுதலையே. ஜார்ஜ் பிறவாத உலகில் அவன் மனைவி மேரிக்கு நேரும் பெருங்கேடு என்ன? திருமணமாகாமல் நூலகராகப் பணிபுரிகிறாள், அவ்வளவே. அதனைப் பேரிடர்போல் காட்டும் படத்தின் நோக்கை இன்றைய மாணவியர் ஏற்கமாட்டார். ஏற்கவும் வேண்டியதில்லை. பெய்லி வீட்டில் பணிசெய்யும் கறுப்பினப் பெண்ணுக்குத் தனக்கென ஒரு கதையில்லை என்பதும் அவ்வாறே கண்ணில் படுகிறது. அந்த 8,000 டாலரை ஒளித்துவைத்த செல்வர் பாட்டர் கடைசிவரை தண்டிக்கப்படவில்லை என்பதையும் பலர் பின்னரே கவனிக்கின்றனர். அறம் வெல்கிறது, ஆனால் மறம் தண்டிக்கப்படவில்லை. இது குறையா, வாழ்வின் உண்மையா என்று வாதிடலாம்.

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது மரபு. ஒருமுறை படித்து ஒதுக்கிய நூலுக்கு எவரும் உரை எழுதார். பழகிய படைப்போடு மட்டுமே நாம் உரிமையோடு வழக்காட முடியும்.

அத்தகைய உரிமையுணர்வு பொதுவெளியிலும் வெளிப்பட்டது. 1980களில் கணினியின் துணைகொண்டு கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணமூட்டி நாடாக்களாக விற்கத் தொடங்கினர். காப்ராவின் படமும் 1986இல் அதற்கு உள்ளானது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இதனைக் கடுமையாக எதிர்த்தார். இவ்விவாதத்தின் விளைவுகளுள் ஒன்றாக 1988இல் தேசியத் திரைப்படப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. முன்பு நான் குறிப்பிட்ட பதிவேடு அச்சட்டத்தால் வந்ததே. மக்கள் தம்முடையது என்று கருதிய படைப்பைக் காக்கவே குரல் எழுந்தது.

அலமாரி காலியாகும் காலம்

இன்று அந்த நாடாக்களும் தட்டுகளும் மறைந்துவருகின்றன. வீட்டு ஒளிநாடாக் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. தட்டுகளை அஞ்சலில் அனுப்பும் பணியை நெட்ஃபிளிக்ஸ் 2023இல் முடித்துக்கொண்டது. காந்த நாடாவும் காலப்போக்கில் நைந்துபோகும்.

இதற்கு வருந்துவது பயனற்றது என்பர் சிலர். இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பர். கிடைப்பது வேறு, நம்மிடம் இருப்பது வேறு. இணையத்தளத்தில் நாம் பெறுவது பார்க்கும் அனுமதி மட்டுமே. ஒப்பந்தம் முடிந்ததும் படம் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அலமாரியில் இருந்த நாடா பிள்ளையின் கண்ணில் நாள்தோறும் பட்டது. 'இதைப் போடுங்கள்' என்று அது கேட்டது. தந்தையும் தாயும் அதனோடு தம் கதையையும் சொன்னார்கள். இன்று முடிவற்ற பட்டியலின் முன் குடும்பத்தார் தனித்தனித் திரைகளோடு அமர்கின்றனர். பொதுவான ஒரு கதை இல்லாத வீட்டில், பேசுவதற்குப் பொதுவான சொற்களும் குறைகின்றன. மொழியாசிரியர் கவலைகொள்ள வேண்டிய இடம் இதுவே என்று கருதுகிறேன்.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டு மாணவர் பனிப்பொழிவை அறியாதவர். டிசம்பரில் அவர்கள் காண்பது பருவமழை. எனினும் ஜார்ஜ் பெய்லியின் துயரம் அவர்களுக்குப் புரியும். குடும்பத்திற்காகத் தம் கனவை ஒத்திவைத்த ஒருவரேனும் அவர்களுடைய வீட்டிலும் இருப்பார். ஆகவே கற்கத்தக்கது அப்படத்தை மட்டுமன்று. அதனை ஒரு சமூகம் தனதாக்கிக்கொண்ட முறையையும் கற்க வேண்டும்.

மூன்று வேண்டுகோளோடு நிறைவு செய்கிறேன். முதலாவது, ஒவ்வொரு பள்ளியும் ஒரு தமிழ்ப் படைப்பைத் தேர்ந்தெடுக்கட்டும். சிறுகதையோ நாடகமோ திரைப்படமோ, எதுவாயினும் சரி. உயர்நிலை முதலாம் ஆண்டில் சேரும் மாணவர், பள்ளியை விட்டுச் செல்லும்வரை ஆண்டுதோறும் அதே படைப்பை ஒருமுறை அணுகட்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் எழுதி, ஒரே ஏட்டில் சேர்த்து வைக்கட்டும். இறுதியாண்டில் அவ்வேட்டைப் புரட்டும் மாணவர், தம் மொழியும் சிந்தையும் வளர்ந்த தடத்தைத் தாமே காண்பார்.

இரண்டாவது, தேர்ந்த படைப்பின் நல்ல பிரதியொன்றை முறையான உரிமையோடு பெற்று, பள்ளி நூலகத்தில் கையால் தொடக்கூடிய வடிவில் வையுங்கள். அது மாணவர் கண்ணில் படும் தட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது, பெற்றோர்க்கு. தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், நோன்புப் பெருநாள் என எதைக் கொண்டாடும் இல்லமாயினும், ஆண்டுக்கு ஒருநாள் அனைவரும் ஒரே திரையின் முன் அமர்ந்து, அதே பழைய படத்தை மீண்டும் பாருங்கள். பிள்ளைகள் முதலில் சலித்துக்கொள்வர். சலிப்பைப் பொருட்படுத்த வேண்டாம். சில ஆண்டுகளில் ஒரு வசனத்தை நீங்கள் தொடங்க, அவர்கள் முடிப்பார்கள். அந்த வசனம் தமிழில் இருக்குமாறு பார்த்துக்கொள்வது நம் அனைவரின் பொறுப்பு.